கண்மாய் மனுவில் முதல் கையெழுத்து

பச்சைத் தொப்பி போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, வெயிலுக்கும் உதவும். ஆனால் ஊருக்குள் போகும்போது அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியைப் பார்த்தால் யாரோ ஆபீசர் வந்திருக்கிறார் என்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் இரண்டு வருஷம் தொப்பியோடு திரிந்தேன். அந்த இரண்டு வருஷமும் எங்கே போனாலும் எனக்கு டீ கிடைத்தது, தகவல் கிடைக்கவில்லை.

காலையில் வந்ததும் தொப்பி கொடுத்தார்கள், உறுப்பினர் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், டிபன் கொடுத்தார்கள். அடுத்தது நான். பறவைகளின் பெயரும் மரங்களின் பெயரும் உங்கள் செல்போனில் இருக்கின்றன. என்னைவிட அது சரியாகச் சொல்லும். நான் சொல்லப் போவது ஒரு மனுவைப் பற்றி. அந்த மனுவால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது. காரணம் நான். அதைச் சரிசெய்யப் போய் இரண்டாவதாக ஒரு தப்புச் செய்தேன். அதுதான் பெரியது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸ். அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தப் பட்டாசு ஜில்லாவில் அந்த வார்டுக்கு என்ன வேலை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். ஒருவருக்கு அவசரமாக ஆபரேஷன். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். ஆள் வலியில் முனகிக்கொண்டிருந்தார். நான் படிவத்தை நீட்டி, காயம் படாத இடது கைப் பெருவிரலைப் பிடித்து ரேகை வாங்கிவிட்டேன். வேலை வேகமாக முடிந்த திருப்தி எனக்கு. எங்கள் வார்டு சீனியர் சிஸ்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என் முன்னாலேயே கிழித்துப் போட்டார்.

"வாசிச்சுக் காட்டுனியா?"

"ரொம்ப வலியில இருந்தாரு சிஸ்டர்."

"வலி கையிலதான இருக்கு. காது நல்லாத்தான இருக்கு. போயி வாசி. என்ன செய்யப் போறோம், என்ன ஆகலாம்னு சொல்லு. புரிஞ்சுதா, சம்மதமான்னு கேளு. அப்புறம் வாங்கு."

அதற்குப் பிறகு வேலையை விட்டு வரும் நாள் வரை நான் வாசித்துக் காட்டாமல் ஒரு கையெழுத்து வாங்கியதில்லை. ஆஸ்பத்திரிக்குள்.

ஓய்வு பெற்ற வருஷமே கண்மாயையும் பறவைகளையும் காக்கிற இந்தக் குழுவில் சேர்ந்தேன். இயற்கை மேல் ஆசை என்று பொய் சொல்ல மாட்டேன். சர்ச்சில் என் பக்கத்தில் உட்காரும் டீச்சர் ஒருவர் இதில் இருந்தார். "சும்மா வீட்டுல உக்காந்து என்ன செய்யப் போறீக, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனார். எனக்கு அப்போது காகம், கொக்கு, மயில் இந்த மூன்றும்தான் தெரியும். மற்றதெல்லாம் எனக்குக் குருவி.

முதலில் என்னை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாசு வேலைக்குப் போகிற ஊர். ஊருக்குக் கிழக்கே கண்மாய், கண்மாய்க்குள் நாட்டுக் கருவேல மரங்கள். ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்து தண்ணீர் நின்றால் அந்த மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து கூடு கட்டும். ஊர்ப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. அன்றைக்கு அவர்களையும் பிள்ளைகளையும் கூட்டி வைத்துக் கண்மாயைப் பற்றிப் பேச வேண்டும், விதைப்பந்து உருட்ட வேண்டும். அதுதான் எங்கள் திட்டம்.

விதைப்பந்து உருட்டுவதை அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். செம்மண்ணும் சாணியும் பிசைந்து நடுவில் வேப்பங்கொட்டையோ புங்கங்கொட்டையோ வைத்து உருட்ட வேண்டும். அந்தப் பெண்கள் உருட்டிய வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். எல்லாம் ஒரே அளவு, அச்சில் வார்த்த மாதிரி. போட்டோ எடுத்தோம். திட்டம் பெரிய வெற்றி என்று அறிக்கையும் அனுப்பிவிட்டோம். மழை பெய்து ஒரு மாசம் கழித்து ஒரு போன் வந்தது.

"சிஸ்டர், நான் பாக்கியம். அன்னைக்கு ஓரத்துல உக்காந்து உருட்டுனேன்ல, ஃபேன்ஸி வெடி கம்பெனியில மருந்து அடைக்கிறவ."

"சொல்லும்மா."

"நாம போட்ட உருண்டையில ஒண்ணுகூட முளைக்கல. ஒண்ண எடுத்து உடைச்சுப் பாத்தேன். கையால முடியல, கல்லுல வச்சுத்தான் உடைச்சேன். வச்ச கொட்டை வச்சபடி உள்ள கெடக்கு. எங்க கை அப்படி சிஸ்டர். எத உருட்டுனாலும் இறுக்கித்தான் வருது. கம்பெனியில லூசா விட்டா ஏச்சு விழும்ல."

நான் வெகுநேரம் சிரித்தேன். பாக்கியமும் சிரித்தார். அதன் பிறகு நாங்கள் அங்கே விதைப்பந்து உருட்டவே இல்லை. கன்று வாங்கி நட்டோம். செய்தது உருப்படவில்லை என்று தானாகப் போன் போட்டுச் சொல்கிற ஆள் இந்த வேலையில் அபூர்வம். பாக்கியத்துக்கு அப்போது நாற்பது வயசு இருக்கும். வீட்டுக்காரருக்கு இடுப்பில் அடிபட்டுப் பாரம் தூக்க முடியாமல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மகள் பன்னிரண்டாவது படித்தாள். வீடு பாக்கியத்தின் வேலையில் ஓடியது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடுத்ததைச் செய்தேன்.

தை மாசம். மரங்களில் குஞ்சு பொரித்திருந்த நேரம். தீபாவளி முடிந்து அடுத்த சீசனுக்கு ஆர்டர் கொடுக்க வடக்கேயிருந்து பார்ட்டிகள் வருவார்கள். அவர்களுக்குப் புது ரகங்களை வெடித்துக் காட்ட வேண்டும். கம்பெனிக்குள் அதற்கு இடம் இருந்தது. ஆனால் கண்மாய்க் கரையை ஒட்டிய தரிசில் வெடித்தால் தண்ணீரிலும் வெளிச்சம் தெரியும், பார்க்க எடுப்பாக இருக்கும் என்று அங்கே வைத்தார்கள். நேரம் பொழுது சாயும் நேரம். நாரைகள் இரை எடுத்துக்கொண்டு கூட்டுக்குத் திரும்புகிற நேரமும் அதுதான்.

ஒரு நாள் நானும் பாக்கியமும் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். முதல் வெடி மேலே போய்ப் பிரிந்தது. மரத்தில் இருந்த அத்தனை நாரையும் ஒரே நேரத்தில் எழும்பின. எழும்பிய வேகத்தில் ஒரு கூட்டின் ஓரத்தில் இருந்த குஞ்சு தண்ணீரில் விழுந்தது. தாய்ப் பறவைகள் மேலே வட்டமடித்தன, காக்காய்கள் கூட்டுக்குள் இறங்கின.

"இது எங்க ரூம்ல அடைச்சது சிஸ்டர்" என்றார் பாக்கியம். "சத்தத்துலயே தெரியும். நான் அடைச்சதாக்கூட இருக்கும்."

அவரே தொடர்ந்தார். "கூடு இருக்கும்போது எங்க ஊருல யாரும் வெடி போட மாட்டோம். கல்யாணம்னாலும் சரி, சாவுன்னாலும் சரி. வெடி செய்றதே நாங்கதான், ஆனா குஞ்சு பறக்குற வரைக்கும் தொட மாட்டோம். இத யாருகிட்டப் போயிச் சொல்ல?"

யாரிடம் சொல்வது என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் குழுவில் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன். "வெளியூர்க்காரங்க மட்டும் போட்டா மனு நிக்காது சிஸ்டர். உள்ளூர் ஆளுக பேரு மேல இருக்கணும்" என்றார். அவர் சொன்னது சரியான ஆலோசனை. கண்மாய்க் கரையில் வெடிக்கக் கூடாது என்று மனு எழுதினேன். தமிழ் நன்றாக இருந்தது என்று எல்லாரும் பாராட்டினார்கள். சாயங்காலம் கம்பெனி வேன் பெண்களை இறக்கிவிடும் இடத்தில் போய் நின்றேன். கையில் அலுமினியப் பவுடரோடு, வீட்டுக்குப் போய் உலை வைக்கிற அவசரத்தில் இறங்கினார்கள். "நாரைக்காகத்தாம்மா, எல்லாரும் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன். பாக்கியம் முதலில் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். தாள் முழுக்க வெள்ளி விரல் பதிவுகள். நான் வாசித்துக் காட்டவில்லை. அது எங்கே போகும், யார் கைக்கு வரும், வந்தால் என்ன ஆகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை.

திங்கள்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுவைக் கொடுத்தோம். ரசீது வாங்கிப் போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

மனு அது போக வேண்டிய வழியில் போனது. மேலிருந்து கீழே இறங்கி, விளக்கம் கேட்டு, கடைசியில் கம்பெனிக்கு வந்தது. புகார் சொன்னவர்களின் பெயர்ப் பட்டியலும் கூடவே வந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, நடைமுறை அப்படி. இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலையில் பாக்கியம் வழக்கமான இடத்தில் தூக்குவாளியோடு நின்றார். வேன் வந்தது, மற்றவர்களை ஏற்றியது. அவர் ஏறப் போனபோது டிரைவர், "ஒங்களுக்கு இன்னைக்கு இல்லையாம்க்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. டீச்சர் சொல்லித்தான் மறுநாள் தெரிந்தது.

உடனே கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் என்னைத் தெரிந்தவர். அவருடைய தம்பியை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்று வரவேற்றார், குடிக்கக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"ஏன் அந்தம்மாவ மட்டும் நிறுத்துனீங்க?"

"எல்லாரையும் நிறுத்த முடியாது சிஸ்டர், லோடு கெடக்கு. முதப் பேரு அவங்கதான. அப்ப தலைவி அவங்கதான?"

"எழுதுனது நான்."

"அது எனக்குத் தெரியுது. மொதலாளிக்குத் தெரியணும்ல." கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்குப் பார்ட்டி வாறாங்க. வெடிச்சுக் காட்டியாகணும். நடுவுல எவனாவது வந்து நிப்பாட்டுனா எனக்கும் வேலை போயிரும். இப்பவே ஒரு லெட்டர் குடுங்க. தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம், மனுவ வாபஸ் வாங்குறோம்னு. குடுத்தீகன்னா திங்கக்கிழமை வேன் அவங்களுக்கு நிக்கும். நான் பொறுப்பு."

வார்டில் பழகிய புத்தி சட்டென்று வேலை செய்தது. முதலில் உயிர், மற்றது பிறகு. நாரை அடுத்த வருஷமும் கூடு கட்டும். இந்த வீட்டு அடுப்பு இந்த வாரமே எரிய வேண்டும். ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்தேன். ஊர் மக்கள் சார்பாக என்று போட்டு எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கலரையும் குடித்துவிட்டு வந்தேன்.

இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். அந்த முடிவு ஒருவேளை சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் என் கைப்பையில் போன் இருந்தது, போனில் பாக்கியத்தின் நம்பர் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். பாக்கியம் வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். வேலை திரும்பக் கிடைத்த சமாச்சாரத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த குழையைக் கீழே வைத்தார்.

"யாரக் கேட்டுக் குடுத்தீக?"

"உனக்காகத்தான் பாக்கியம்."

"எனக்காகன்னா எங்கிட்டல்ல கேக்கணும். கையெழுத்து வாங்கும்போதும் என்ன ஏதுன்னு சொல்லல. சரி, நாரைக்குத்தானன்னு போட்டேன். இப்ப அத அழிக்கும்போதும் கேக்கல. நான் போட்ட கையெழுத்த நீங்க எப்படி சிஸ்டர் திருப்பி வாங்குவீக?"

"வேலை போயிருச்சேன்னு பதறிட்டேன்மா."

"போனது என் வேலை. நானே பதறாம இருக்கேன். வேற கம்பெனியில பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். கிடைக்கும், கிடைக்காமப் போகும், அது என் பாடு. இப்ப ஊருல என்ன சொல்லுவாக? பாக்கியம் வேன்ல ஏறுறதுக்காக நாரைய விட்டுட்டான்னு சொல்லுவாக."

எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபது வயசுக்கு மேல் அப்படி வெட்கப்பட வேண்டி வந்ததில் கோபமும் வந்தது, அவர் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. டீ குடிச்சிட்டுப் போங்க என்று அவர் சொல்லவில்லை. அந்த ஊரில் எனக்கு டீ கிடைக்காத ஒரே நாள் அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெடித்துக் காட்டினார்கள். சனிக்கிழமை விடிந்ததும் நான் கண்மாய்க்குப் போனேன். எனக்கு முன்னால் பாக்கியம் அங்கே இருந்தார். கரையோரத் தண்ணீரில் இரண்டு குஞ்சுகள் கிடந்தன. ஒன்று செத்திருந்தது. இன்னொன்றை அவர் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். மத்தியானம் வரைக்கும் அது இருந்தது. தரிசை ஒட்டிய இரண்டு மரங்களில் நாரைகள் கூட்டை விட்டுவிட்டுப் போய்விட்டன. என் கடிதம் இல்லாவிட்டால் அந்தச் சாயங்காலம் அங்கே வெடித்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. வெடித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கள்கிழமை மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வேன் பாக்கியத்துக்காக நின்றது. பாக்கியம் டிரைவரிடம், "இன்னைக்கு லீவு தம்பி, நீ போ" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவர் தானே புதிதாக ஒரு மனுக் கொடுக்கப் போகிறார் என்று முந்தின நாள் சர்ச் முடிந்து டீச்சர் மூலம் கேள்விப்பட்டு, நான் சாத்தூரில் அதே பஸ்ஸில் ஏறினேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.

முடிவு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். அந்தப் புது மனுவை விசாரித்தார்கள், தாசில்தார் நேரில் வந்து இடத்தைப் பார்த்தார். கரையோரத்தில் வெடிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி தன் இடத்துக்குள் இருந்த பழைய கல்குவாரிப் பள்ளத்துக்கு வெடித்துக் காட்டுவதை மாற்றிக்கொண்டது. மற்ற மரங்களில் இருந்த குஞ்சுகள் பங்குனியில் பறந்தன. அந்த இரண்டு மரங்களுக்கு மட்டும் அடுத்த வருஷமும் நாரை வரவில்லை. பாக்கியத்துக்கு அந்தக் கம்பெனியில் பிறகு வேலை இல்லை. இரண்டு மாசம் கஷ்டப்பட்டார், பிறகு தூரத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்தார். விடியுமுன்னே கிளம்ப வேண்டியிருந்தது. இதில் எதையும் அவர் என்னிடம் குறையாகச் சொன்னதில்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்தத் திங்கள்கிழமை மனுக் கொடுப்பதற்கு முன்னால் நடந்ததை. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். பாக்கியம் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தார். மகளை வைத்து எழுதியிருந்தார். நான் எழுதியதில் கால்வாசிகூட இல்லை. கீழே அவர் கையெழுத்து ஒன்றுதான் இருந்தது. நான் பேனாவை எடுத்து, "நானும் போடுறேன் பாக்கியம்" என்றேன்.

"இருங்க. வாசிக்கிறேன், கேளுங்க."

ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அதோடு விடவில்லை. "இதுல போட்டீகன்னா உங்க பேரும் கம்பெனிக்குப் போகும். அந்த மேனேஜரு இனிமே உங்களுக்குக் கலர் வாங்கித் தர மாட்டாரு. அன்னைக்கு லெட்டர் குடுத்துட்டு இன்னைக்கு மாத்திப் பேசுறீகளேன்னு உள்ள ஆபீசர் கேப்பாரு. நான் தப்புப் பண்ணிட்டேன்னு நீங்க சொல்ல வேண்டியிருக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"சம்மதமா?"

என் வார்டுக் கதையை நான் அவருக்குச் சொன்னதே இல்லை. சம்மதம் என்றேன். அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். உள்ளே அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். ஆபீசர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பதில் சொன்னேன்.

அவ்வளவுதான். மணியாகிவிட்டது. காலையில் நீங்கள் டிபனுக்கு முன்னால் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டதை நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பக்கம் இருக்கிறது அது. ஒருவர்கூடப் பக்கத்தைத் திருப்பவில்லை. அந்தப் படிவங்களை எல்லாம் அமைப்பாளரிடம் சொல்லித் திரும்ப வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்றாக எடுத்து, கையெழுத்தை அடித்துவிட்டு உட்காருங்கள். பாக்கியம் இப்போது அந்த ஊர்க் கண்மாய்க் குழுவின் தலைவி. பஸ் இறங்கி வந்துகொண்டிருக்கிறார். அவர் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.